கதவோரம் படுத்துத் தூங்கும் அம்மாவுக்கு

கேள்வி:

அன்புள்ள மேடம், பெயரும் ஊரும் வேண்டாம், விருதுநகர் மாவட்டம் என்று மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். என் மகளுக்கு 17 வயது. பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும், கூடப் படிக்கும் மூன்று பெண்களோடு தனுஷ்கோடி போய் வரட்டுமா என்று கேட்டாள். அவள் அப்பா முடியாது என்றார். வாக்குவாதம் முற்றி, “கண்ட படத்தையும் பாத்துக் கெட்டுப்போயிட்ட” என்று போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். (மகன் போன வருடம் நண்பர்களோடு கோவா போய் வந்தான், அவன் ஆம்பளைப் பையன்.) இன்றோடு 11 நாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் நோட்டில் எழுதிக் காட்டுகிறாள். அவள் மேஜையில், பார்த்த படங்களின் பட்டியல் ஒன்று கிடைத்தது. விசாரித்தால் எல்லாவற்றிலும் பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்புகிற கதையாம். ‘லேடி பேர்ட்’ என்ற படத்துக்குப் பக்கத்தில் மட்டும் நட்சத்திரம் போட்டிருக்கிறாள். பட்டியலைக் கீழே எழுதியிருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே பிடிவாதக்காரி. இவளும் போய்விடுவாளோ என்று ராத்திரி வாசல் கதவோரம் பாய் போட்டுப் படுக்கிறேன். இந்தப் படங்களைப் பார்க்கவிடாமல் செய்ய என்ன வழி?

பதில்:

தோழி,

கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவள் ‘நோட்டில் எழுதிக் காட்டுகிறாள்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பட்டியலில் ‘லிட்டில் மிஸ் சன்ஷைன்’ இருக்கும் என்று அப்போதே தோன்றியது, கீழே போய்ப் பார்த்தால் இரண்டாவதாக இருக்கிறது. 2006-இல் வந்த அமெரிக்கப் படம். அதில் டுவெயின் என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் வருவான். விமானப்படையில் சேர்ந்து பைலட் ஆகும்வரை பேசப்போவதில்லை என்று சபதம் எடுத்து, மாதக்கணக்கில் வாயே திறக்காமல் ஒரு குட்டி நோட்டில் எழுதி எழுதிக் காட்டிக்கொண்டிருப்பான். அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு கஷ்டம். அப்பாவின் தொழில் படுத்துவிட்டது, தாய்மாமா தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர், தாத்தாவுக்குப் போதைப் பழக்கம். இத்தனை பேரும் ஒரு பழைய மஞ்சள் வேனில் அடைந்துகொண்டு, கடைக்குட்டி ஆலிவை ஒரு அழகிப் போட்டிக்காக நியூ மெக்சிகோவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிப்போகிறார்கள். வழியில் கிளட்ச் போய்விடுகிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் எல்லோரும் இறங்கித் தள்ளி, வண்டி ஓட ஆரம்பித்ததும் கூடவே ஓடி ஒவ்வொருவராகத் தொற்றி ஏற வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது ஒரே ஒரு காட்சி. வேனில் தங்கையோடு விளையாடிக்கொண்டிருக்கும்போது தனக்கு நிறக்குருடு என்று அந்தப் பையனுக்குத் தெரியவருகிறது. அப்படியென்றால் பைலட் ஆகவே முடியாது. வண்டிக்குள் அடித்துக்கொண்டு புரள்கிறான், நிறுத்தியதும் இறங்கி ஓடி ஒரு பொட்டல் வெளியில் போய்க் கத்துகிறான். அத்தனை நாள் அடக்கிவைத்த சத்தம். அம்மா பின்னாலேயே போய் சமாதானம் சொல்கிறாள், நேரமாச்சு வா என்கிறாள், நாமெல்லாம் ஒரு குடும்பம் என்கிறாள், அவன் அவளைக் கிழித்தெடுக்கிறான். பெரியவர்கள் மேட்டில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் பார்க்கிறார்கள். அப்போது அந்தச் சின்னப் பெண் சரிவில் மெதுவாக இறங்கிப் போய், அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோளில் கையைப் போட்டுத் தலையைச் சாய்த்துக்கொள்கிறாள். அவ்வளவுதான், ஒரு வார்த்தை கிடையாது. கொஞ்ச நேரத்தில் அவன் சரி என்று எழுந்து, மேடு ஏற முடியாத அவளைத் தூக்கி விட்டுக்கொண்டே வண்டிக்கு வந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறான்.

உங்கள் மகள் அதைப் பார்த்திருக்கிறாள். நோட்டில் எழுதுவதை அங்கிருந்து எடுத்துக்கொண்டவள் அந்தத் தங்கையையும் பார்க்காமல் இருந்திருக்க மாட்டாள். இந்த 11 நாளில் அவள் பக்கத்தில் யாராவது போய்ச் சும்மா உட்கார்ந்தீர்களா? ஏன் பேசமாட்டேங்கிற, அப்பாகிட்ட மன்னிப்புக் கேளு, காலேஜ் அப்ளிகேஷன் என்னாச்சு என்று எதுவும் கேட்காமல்?

சரி, பட்டியலுக்கு வருவோம். பிள்ளைகள் படம் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்ற பேச்சு நமக்குப் புதிதில்லை. கடிதத்தை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு 40-ஐ ஒட்டிய வயது இருக்கும் என்று நினைக்கிறேன். 2002-இல் ‘துள்ளுவதோ இளமை’ வந்தபோது நீங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ இருந்திருப்பீர்கள். வீட்டில் யாரும் சரியாகப் பேசாத, அடி வாங்குகிற, கவனிக்க ஆளில்லாத பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து ஓடிப்போகிற கதை, தனுஷின் முதல் படம். அப்போது ஊரில் பெற்றவர்கள் பேசியதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, உங்கள் வீட்டுக்காரர் இப்போது சொன்ன அதே வாக்கியம். 1981-இல் ‘அலைகள் ஓய்வதில்லை’ வந்தபோது எங்கள் வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். அந்தப் படங்களில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவற்றைப் பார்த்த லட்சக்கணக்கான பிள்ளைகள் மறுநாள் காலையில் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத்தான் போனார்கள்.

பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் ஆலோசனை சொல்லும் இந்த வேலைக்கு வந்த புதிதில், மகள் சரியில்லை என்று வந்த ஒரு அப்பாவிடம் கேபிள் கனெக்‌ஷனைத் துண்டித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவரும் துண்டித்தார். அடுத்த வாரம் அந்தப் பெண் என்னைப் பார்க்க வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே ஜன்னலையும் நானே சாத்தியிருந்தேன். அதற்குப் பிறகு பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பதே என்ன படம் பார்த்தாய், எந்த இடம் பிடித்தது என்றுதான்.

உங்கள் மகளின் பட்டியலில் முதலில் இருப்பது ‘த 400 ப்ளோஸ்’. 1959-இல் ஃபிரான்சுவா த்ரூஃபோ என்ற பிரெஞ்சு இயக்குநர் தன் சிறுவயதையே பெரும்பாலும் வைத்து எடுத்தது. அந்தப் பையன் அந்த்வான் தூங்குவது எங்கே தெரியுமா? வாசல் கதவை ஒட்டிய இடைகழியில். வீட்டில் அவனுக்கென்று அறை கிடையாது. நேரம் கழித்து வரும் அம்மா அவனைத் தாண்டித்தான் உள்ளே போவாள். அவனை எங்கே அனுப்பித் தொலைப்பது என்ற ரீதியில் பெற்றவர்கள் சண்டை போடுவதெல்லாம் படுத்தபடியே அவன் காதில் விழும். திருடுகிறான், மாட்டுகிறான், சீர்திருத்த விடுதியில் போடுகிறார்கள், கால்பந்து விளையாடும்போது வேலிக்கடியில் புகுந்து ஓடுகிறான். ஓடி ஓடி, அதுவரை பார்த்தேயிராத கடலுக்கு வருகிறான். காலில் தண்ணீர் பட்டதும் திரும்பி நம்மைப் பார்க்கிறான், படம் அப்படியே உறைந்து முடிந்துவிடுகிறது. மேற்கொண்டு எங்கே போவது என்று அந்த முகத்துக்குத் தெரியாது. அதைப் பார்த்த பிள்ளைக்கு ஓடிப்போகும் ஆசை வரும் என்று நான் நம்பவில்லை. என் அறைக்கு வரும் பிள்ளைகள் அந்த முகத்தைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்கித்தான் பேசுகிறார்கள்.

‘உடான்’ 2010-இல் வந்த ஹிந்திப் படம், ஜாம்ஷெட்பூர்க் கதை. அப்பாவை ‘சார்’ என்று கூப்பிட்டாக வேண்டிய வீடு. தினமும் காலையில் மகனைத் தன்னோடு ஓடவிட்டு ஜெயிக்கிற அப்பா, கடைசியில் மகனைத் துரத்திப் பிடிக்க முடியாமல் நிற்கிறார். அந்தப் பையனும் தனியாகப் போய்விடுவதில்லை, தம்பியைக் கூட்டிக்கொண்டுதான் போகிறான். ‘கூழாங்கல்’ உங்கள் பக்கத்துப் படம். குடிகார அப்பா, கோபித்துக்கொண்டு தாய்வீடு போன அம்மாவை அழைத்துவர மகனையும் இழுத்துக்கொண்டு போகிறார். திரும்பும்போது அந்தப் பயல் பஸ்ஸுக்கு இருந்த பணத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். வெயிலில் 13 கிலோமீட்டர் நடை. கையில் வேறு எந்த பலமும் இல்லாத பிள்ளை, அப்பாவை நடக்க வைக்கிறான். 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கிய படம் அது.

இவற்றில் ஒரு பிள்ளைகூட ஊர் சுற்றும் ஆசையில் கிளம்பவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு படத்திலும் பயணம் தொடங்குவதற்கு முன்னால் வீட்டுக்குள் ஒரு விஷயம் நடந்திருக்கிறது. உங்கள் வீட்டில் நடந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அடைப்புக்குறிக்குள்.

மகன் கோவா போனான், அவன் ஆம்பளைப் பையன். அந்த அடைப்புக்குறியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அது சும்மா ஒரு தகவல். அவளைப் பொறுத்தவரை, இந்த 11 நாள் மௌனமும் அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும். தனுஷ்கோடி போக முடியாத வருத்தம் இரண்டு நாளில் போய்விடும். அண்ணன் கிளம்பும்போது அப்பா செலவுக்குக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டாரா? நீங்கள் முறுக்கு சுட்டுக் கொடுத்து அனுப்பினீர்களா? அதையெல்லாம் பார்த்துக்கொண்டு அவள் அங்கேதானே நின்றிருப்பாள். அவன் அனுமதி கேட்டானா, போகிறேன் என்று தகவல் சொன்னானா? அவள் கேட்டிருக்கிறாள். யாரோடு, எந்த ஊர் என்று எல்லாம் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வீட்டைவிட்டு ஓட நினைக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் முறைப்படி அனுமதி கேட்டுக்கொண்டிருப்பதில்லை. கேட்ட பிள்ளைக்கு போன் பறிபோனது, கெட்டுப்போனவள் என்று பெயரும் கிடைத்தது.

பட்டியலின் கடைசியில் ‘கொட்டுக்காளி’. உங்கள் பக்கத்துச் சொல், அர்த்தம் நான் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தில் அவளை நீங்கள் பிடிவாதக்காரி என்று எழுதியிருப்பதும் அதுதான். 2024-இல் வந்தது, ‘கூழாங்கல்’ எடுத்த பி.எஸ். வினோத்ராஜின் அடுத்த படம். அதில் மீனா என்ற பெண்ணைக் குடும்பமே ஆட்டோவில் ஏற்றி, அவள் மனதில் இருக்கும் காதலை ஓட்டுவதற்காக ஒரு சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. படம் முழுக்கப் பயணம்தான், ஆனால் அவள் கேட்டுப் போகிற பயணம் இல்லை. அவளைத் தவிர எல்லோரும் பேசுகிறார்கள், திட்டுகிறார்கள், அடிக்கிறார்கள். அவளுக்கு மிச்சம் இருப்பது வாயைத் திறக்காமல் இருப்பது ஒன்றுதான். பின்னணி இசைகூடக் கிடையாது, ஆட்டோ சத்தமும் சேவல் சத்தமும்தான். நடுவழியில் ஒரு காளைமாடு குறுக்கே நின்றுகொண்டு நகர மறுக்கும். அத்தனை ஆம்பளைகளும் கிட்டே போகத் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போவாள். எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடம் அது. உங்கள் மகளுக்கு எது பிடித்தது என்று கேளுங்கள். பதிலை நோட்டில் எழுதினாலும் பரவாயில்லை.

உங்கள் வீட்டுக்காரரைக் குற்றவாளி ஆக்க நான் இதை எழுதவில்லை. அவருடைய பயத்தில் உண்மை இருக்கிறது. படங்களில் காட்டாத எவ்வளவோ வழியில் உண்டு: பஸ் ஸ்டாண்டு கழிவறையின் தாழ்ப்பாள் விழாத கதவு, கூடவே நடந்து வந்து பேச்சுக் கொடுக்கும் ஆள், செத்துப்போன போன் சார்ஜ், தவறவிட்ட கடைசி பஸ், எதிர்பாராமல் வந்துவிடும் மாதவிலக்கு. படத்தில் இதையெல்லாம் வெட்டிவிடுவார்கள், பெண் பிள்ளைகளால் வெட்டிவிட முடியாது. ஆனால் இந்தப் பயத்தை அவர் மகளிடம் பயமாகவே சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். கோபமாகச் சொன்னார். “உன் மேல சந்தேகம் இல்லம்மா, எனக்கு ஊரை நினைச்சாத்தான் பயமா இருக்கு” என்று ஒரு அப்பா சொல்வதற்கும், படத்தைப் பார்த்துக் கெட்டுப்போயிட்ட என்று சொல்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்! முதல் வாக்கியத்துக்கு அப்புறம், சரி அந்தப் பயத்துக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து யோசிக்க முடியும்.

அதனால் முதல் வேலை, பீரோவைத் திறந்து போனைக் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு இல்லை, இன்றைக்கே. பூட்டியவர் கையாலேயே கொடுத்தால் நல்லது. இது தண்டனைக் காலமும் இல்லை. அரசுக் கல்லூரி விண்ணப்பம், இன்ஜினியரிங் கவுன்சலிங் எல்லாமே இப்போது ஆன்லைன், ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். மற்ற பிள்ளைகள் எல்லாம் எங்கே அப்ளை செய்வது என்று பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் மட்டும் அதிலிருந்து அறுபட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அப்புறம், கதவோரம் படுப்பதை நிறுத்துங்கள். காவல் காப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள், அவள் கண்ணுக்கு அது இன்னொரு பூட்டு. பயமாக இருந்தால் பாயை எடுத்துக்கொண்டுபோய் அவள் அறையில் போடுங்கள். “நீ போயிருவியோன்னு எனக்குப் பயமா இருக்கு, அதான் இங்க படுக்கிறேன்” என்று மறைக்காமல் சொல்லுங்கள். பதில் வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை. அவள் நோட்டு மேஜையில் இருக்கும் அல்லவா, அதில் நீங்களும் எழுதலாம். அடைப்புக்குறிக்குள் போட்டதை வெளியே எடுத்து எழுதுங்கள்: உன் அண்ணனுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம் என்று நடந்துவிட்டது, அது தப்புதான் என்று. அதை எழுத உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். நீங்கள் 17 வயதில் எங்கே போகக் கேட்டீர்கள், யார் வேண்டாம் என்றார்கள் என்பது கடிதத்தில் இல்லை. அதையும் சேர்த்து எழுதினால் அவள் படிப்பாள்.

இப்போது அந்த நட்சத்திரம். ‘லேடி பேர்ட்’ 2017-இல் கிரெட்டா கெர்விக் எழுதி இயக்கிய படம், அவருடைய சொந்த ஊரான சாக்ரமென்டோவில் நடக்கிறது. அம்மா மகள் கதை. ஆரம்பத்திலேயே அம்மா கார் ஓட்டுகிறாள், மகள் பக்கத்தில், கல்லூரிகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். கேசட்டில் ஒரு நாவல் வாசிப்பு ஓடி முடிகிறது, இரண்டு பேர் கண்ணிலும் ஒரே நேரத்தில் கண்ணீர். அவ்வளவு ஒட்டுதல். ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஒரு சின்னப் பேச்சு வளர்ந்து, நீ உழைக்கிற லட்சணத்துக்கு வெளியூர் காலேஜ் ஒரு கேடா என்ற மாதிரி அம்மா பொரிந்துகொண்டே போக, மகள் ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்து வெளியே விழுந்துவிடுகிறாள். அடுத்த காட்சியில் கையில் மாவுக்கட்டு. முதல் தடவை பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது, என்னிடம் வரும் பல வீடுகளை அந்த காருக்குள் பார்த்தேன்.

மகள் நியூயார்க்கில் படிக்க விண்ணப்பித்ததை மறைத்துவிட்டாள் என்று அம்மா அவளோடு பேசுவதையே நிறுத்திவிடுகிறாள். ஆமாம், அந்தப் படத்தில் மௌனம் சாதிப்பது அம்மா. விமான நிலையத்துக்கு வண்டியோட்டிக்கொண்டு போகிறாள், ஆனால் இறங்கி உள்ளே போய் வழியனுப்ப மாட்டேன் என்கிறாள், பார்க்கிங் செலவு அதிகம் என்று ஒரு சாக்கு. மகள் இறங்கிப் போனதும் தனியாக வண்டியைச் சுற்றிக்கொண்டு வரும்போது முகம் உடைந்து, அழுதுகொண்டே திரும்ப வந்து உள்ளே ஓடுகிறாள். அதற்குள் மகள் போய்விட்டாள். அந்த அம்மா மகளுக்குக் கடிதம் எழுத முயன்று, சரியாக வரவில்லை என்று கசக்கிக் கசக்கிக் குப்பையில் போட்டிருப்பாள். அதையெல்லாம் பொறுக்கி மகளுக்குக் கிடைக்கும்படி செய்வது அப்பா. நியூயார்க்கில் உட்கார்ந்து அந்தக் கசங்கிய தாள்களைப் படிக்கிற பெண், வீட்டுக்கு போன் போட்டு, முதல் தடவை தனியாக வண்டி ஓட்டியபோது நம் ஊரின் வளைவுகளையெல்லாம் பார்த்து எப்படி இருந்தது என்று அம்மாவுக்குச் சொல்கிறாள்.

ஆறு படத்தில் இதற்கு மட்டும் ஏன் நட்சத்திரம் என்று நான் ஊகிக்கப் போவதில்லை, அதை அவள்தான் சொல்ல வேண்டும். அவளோடு உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள். சங்கடமான காட்சிகள் இரண்டு மூன்று உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எழுந்து போகாதீர்கள், அறிவுரையும் வேண்டாம். அந்த இடங்களைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று. இந்தப் படங்களில் பேச்செல்லாம் ஏன் வண்டியில் நடக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு, என் வேலையில் தினமும் பார்க்கிறேன். எதிரெதிரே உட்காரவைத்து என்னம்மா பிரச்சினை என்று கேட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் சுவரைத்தான் பார்ப்பார்கள். ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், முகம் பார்க்கத் தேவையில்லை, நடுவில் பேச்சு நின்றாலும் ஜன்னல் இருக்கிறது. மகளை டியூஷனுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய்விடும் ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். வீட்டில் ம், சரி என்று மட்டும் பேசுகிற பெண், அந்தப் பதினைந்து நிமிடம் ஹெல்மெட்டுக்குப் பின்னாலிருந்து கத்திக் கத்திக் கதை சொல்வாளாம். டியூஷன் முடிந்த வருடம், கொண்டுபோய்விட இடமில்லையே என்று அவர் என் எதிரில் உட்கார்ந்து கண்கலங்கினார்.

அதனால் தனுஷ்கோடியை வேண்டாம் என்று முடித்துவிடாதீர்கள். அவள் கேட்ட இடமும் சாதாரண இடம் இல்லை. 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு சேர்த்துக் கடல் அள்ளிக்கொண்ட ஊர், கூரையில்லாத தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது, அதைத் தாண்டி அரிச்சல்முனையில் தார்ச்சாலையும் நிலமும் ஒன்றாக முடிந்துவிடும். பள்ளிக்கூடம் முடித்த பெண் பிள்ளைகள் நாலு பேர் அங்கே போய் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டதில் எனக்குத் தப்பாக எதுவும் தெரியவில்லை. நாலு பேரின் அம்மாக்களும் ஒரு நாள் பேசி, ஏற்பாடு செய்யுங்கள். அவர்களுக்கு 18 ஆகவில்லை, துணைக்கு ஒருவர் வரவேண்டும் என்பது நியாயமான நிபந்தனை. ஆனால் அண்ணனைக் காவலுக்கு அனுப்பாதீர்கள், ஆறியதெல்லாம் மறுபடியும் கிளறிக்கொள்ளும். நீங்களே போங்கள். மதுரைக்குப் போய் ராமேஸ்வரம் ரயில் பிடியுங்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடியும் தீவுக்குள் போகிறது. ராமேஸ்வரத்தில் நீங்கள் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிக்கொண்டிருங்கள், பிள்ளைகள் பகலில் பஸ்ஸில் தனுஷ்கோடி போய்விட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பட்டும். முழு சார்ஜோடு இரண்டு போன், தனியாக மடித்து வைத்த கொஞ்சம் பணம், தண்ணீர் பாட்டில். தனுஷ்கோடி கடலில் இறங்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், அங்கே இழுப்பு அதிகம். ரயிலில் ஏதாவது என்றால் 139, மற்ற இடத்தில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கான 181 என்று நம்பர்களை அவளையே போனில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்கூட்டரிலோ பைக்கிலோ போகலாம் என்று யாராவது ஆரம்பித்தால் அதற்கு மட்டும் நேரடியாக முடியாது என்று சொல்லலாம். 18 வயதாகாதவர்கள் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் 2019 சட்டத் திருத்தத்தின்படி பெற்றவருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்று எழுதியிருப்பதால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அது மாறினால், இரவெல்லாம் விழித்திருந்தால், தனக்குப் பிடித்த பொருட்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தால், நான் இல்லாமலிருந்தால் நல்லது என்ற மாதிரி நோட்டில் ஒரு வரி வந்தால், இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. எந்த நேரமும் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு இலவசமாக போன் செய்து தமிழிலேயே பேசலாம், நீங்களும் பேசலாம், அவளும் பேசலாம்.

ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே ராமேஸ்வரம் போய் வந்துவிடுங்கள். மார்க் வந்த பிறகு போனால், அது பரிசாகவோ ஆறுதலாகவோ ஆகிவிடும், அவள் கேட்டது அந்த இரண்டும் இல்லை. போகும் வழியில் ரயிலில் அந்த நாலு பேரையும் சேர்ந்து உட்காரவிட்டு நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். திரும்பி வரும்போது மற்ற மூன்று பேரும் அசதியில் தூங்கிவிடுவார்கள், அப்போது அவள் பக்கத்தில் இடம் இருக்கும்.